எம்50எக்ஸ் ஹெட்போனுக்கு இத்தனை புகழ் தகுமா?

வடகரையான் எழுதியது:

பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே ஒரு நல்ல ஹெட்போன் வேண்டும் என்று யார் எங்கே கேட்டாலும் முதலில் வந்து விழும் பெயர் ஆடியோ-டெக்னிகாவின் ஏடிஎச்-எம்50எக்ஸ்தான். 2007-இல் எம்50 என்ற பெயரில் வெளிவந்து, 2014-இல் கழற்றி மாட்டக்கூடிய கேபிளுடன் எம்50எக்ஸ் ஆக மாறிய இந்த மாடலை ஒலிப்பதிவுக் கூடங்களிலும் பார்க்கிறோம், கல்லூரி விடுதிகளிலும் பார்க்கிறோம். அதைப் பாராட்டுகிறவர்களில் பலர், 'ஸ்டுடியோவில் பயன்படுத்துகிறார்கள், ஆகவே உள்ளதை உள்ளபடி கேட்கலாம்' என்ற ஒரே வாதத்தைத்தான் திரும்பத் திரும்ப வைக்கிறார்கள். அந்த 'ஆகவே' எனக்கு உறுத்துகிறது.

பட்டிமன்றங்களையும் கோயில் சொற்பொழிவுகளையும் பதிவுசெய்து, செம்மைப்படுத்திக் கொடுப்பது என் பகுதிநேர வேலை. மைக்கில் மேசை தட்டும் அதிர்வு, பேச்சாளர் 'ப' என்று அழுத்தும்போது எழும் காற்றடி, மின்சாரத்திலிருந்து ஏறிவரும் 50 ஹெர்ட்ஸ் முனகல் ஆகியவற்றை இந்த ஹெட்போன் தப்பவிடாமல் காட்டிக்கொடுக்கிறது. அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால், வேலை முடிந்து அதே ஹெட்போனில் கர்நாடக சங்கீதப் பாடகர் மதுரை மணி ஐயரைக் கேட்க உட்கார்ந்தால், குரலுக்குப் பின்னால் இருக்கவேண்டிய மிருதங்கம் முன்னால் வந்து நிற்கிறது. குரலோ கொஞ்சம் மெலிந்துவிடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதன் புகழ் உழைப்பவர்கள் ஒரு கருவிக்குக் கொடுத்த நற்சான்று. அதை ரசிகர்கள் எடுத்து இசைக்கான சான்றாக மாற்றிக்கொண்டார்கள். மாற்றுக் கருத்துள்ளவர்கள், குறிப்பாக நம்முடைய இசையை இதில் கேட்டுப் பார்த்தவர்கள், காரணத்தோடு எழுதுங்கள். 'என் காதுக்குப் பிடித்திருக்கிறது' என்பதோடு நிறுத்திவிட வேண்டாம்.

மேலமாசி எடிட்டர் எழுதியது:

அண்ணன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் அந்தப் பாதியை அவர் கடந்து போகும் வேகம்தான் சரியில்லை. 'வெறும் கருவி' என்று சொல்லி நகர்ந்துவிடக்கூடிய பொருள் அன்று இது.

நான் கல்யாண வீடியோ வேலையில் இருக்கிறேன். முகூர்த்த நேரத்தில் மண்டபத்துக்குள் நாகஸ்வரமும் தவிலும் பத்தடி தூரத்தில் முழங்கும்போது, மிக்சரிலிருந்து வரும் ஒலி உடைகிறதா, ஒரு பக்கம் மட்டும் வருகிறதா, புரோகிதரின் மைக் செத்துவிட்டதா என்று கண்டுபிடித்தாக வேண்டும். கிண்ணத்தின் பின்புறம் மூடப்படாத, திறந்த வகை ஹெட்போனை அங்கே மாட்டினால் தவில்தான் கேட்கும், பதிவு கேட்காது. எம்50எக்ஸ் காதை முழுவதும் மூடுகிறது. ஒரு பக்கத்துக் கிண்ணத்தை 90 பாகை திருப்பிவிட்டு, ஒரு காதில் பதிவையும் மறு காதில் மண்டபத்தையும் கேட்கலாம். 38 ஓம் மின்தடைதான் என்பதால் கேமராவிலோ லேப்டாப்பிலோ செருகினாலே போதுமான சத்தம் வருகிறது. தனி ஆம்ப்ளிஃபையர் தேவையில்லை.

பழைய எம்50-இன் பெரிய குறை கேபிள் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தது. ஒருவர் கால் தடுக்கினால் ஹெட்போனே போய்விடும். எம்50எக்ஸில் சுருள் கேபிள் ஒன்று, 3 மீட்டர் நேர் கேபிள் ஒன்று, 1.2 மீட்டர் குட்டைக் கேபிள் ஒன்று என மூன்றைப் பெட்டியிலேயே கொடுக்கிறார்கள். களத்தில் வேலை செய்கிறவனுக்கு இதன் அருமை தெரியும். சோனியின் எம்டிஆர்-7506 என்று 1991 முதல் இன்றுவரை விற்பனையாகும் ஒரு மாடல் இருக்கிறது. எடையும் குறைவு, விலையும் குறைவு, குரலைத் துல்லியமாகக் காட்டுவதிலும் சிலருக்கு அதுதான் உசத்தி. ஆனால் அதன் சுருள் கேபிள் இன்னும் கழற்ற முடியாதது.

ஆகவே, புகழ் தகும். எதற்குத் தகும் என்பதில்தான் நமக்குள் பேச்சு.

தவில்பிரியன் எழுதியது:

மேலமாசி தம்பி மண்டபத்தைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. நான் வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவன், ஆகவே அந்த நியாயத்தை விட்டுவிட்டுப் பேசுகிறேன்.

மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், நிரந்தரமாக ஒட்டப்பட்ட கரணை என்ற கரிய பூச்சு இருக்கிறது. இடப்பக்கத் தொப்பியில் கச்சேரிக்குமுன் ரவையைப் பிசைந்து ஒட்டுகிறார்கள். இந்தக் கனம் ஏற்றிய தோல்தான் மேளத்தின் மேல்நாதங்களை (அடிப்படை நாதத்தோடு சேர்ந்து எழும் உயர்ந்த நாதங்களை) சுருதிக்கு இசைந்த விகிதங்களுக்குக் கொண்டுவருகிறது என்பதை சர் சி.வி. ராமன் 1920-இலேயே 'நேச்சர்' இதழில் எழுதினார். அதாவது மிருதங்கத்துக்குச் சுருதி உண்டு. அது 'தொம்' என்று ஓர் அடி அடித்துவிட்டு ஓய்கிற வாத்தியம் அன்று. தொப்பியில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை அழுத்தி நகர்த்தும்போது எழும் கும்கி ஓர் இடத்தில் தொடங்கி வழுக்கிக்கொண்டு மேலே ஏறவேண்டும். அந்த வழுக்கல்தான் அழகு. எம்50எக்ஸில் எனக்குக் கேட்பது அதன் தொடக்கத் திரட்சி மட்டுமே; வழுக்கிப் போகும் வால் பகுதி அந்தத் திரட்சிக்குள் மூழ்கிவிடுகிறது. மதுரை லட்சுமி சுந்தரம் ஹாலில் சத்குரு சங்கீத சமாஜத்தின் கச்சேரிகளில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு, மைக் இருந்தாலும் மிருதங்கத்தின் நேரடி ஒலி எப்படி வந்து சேரும் என்று தெரியும். அந்த இறுக்கம் இதில் இல்லை.

நாகஸ்வரத்தில் நேரெதிரான சிக்கல். வாயில் வைத்து ஊதும் சீவாளியிலிருந்து வரும் மேல்நாதங்கள் இயல்பாகவே வலுவானவை. சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் மேல்ஸ்தாயியில் நிற்கும் இடங்களில் ஒரு கம்பீரம் உண்டு. இந்த ஹெட்போனில் அது கம்பீரமாக வராமல் காதைக் குத்துகிறது. பழைய பதிவு என்றால் நாடாவின் இரைச்சலும் கூடவே தூக்கிக் காட்டப்படுகிறது.

நான் பயன்படுத்துவது சென்ஹைசர் எச்டி 600. 1997 முதல் இருக்கும் திறந்த வகை. அதில் தம்புரா அறைக்குள் இருப்பதுபோல் ஒலிக்கிறது. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் துணியுறை போட்ட அந்த மெத்தைகள் செயற்கைத் தோலைவிடப் பொறுக்கத்தக்கவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலை அதிகம்தான். ஆனால் 'விலைக்கேற்ற சிறப்பு' என்ற பேச்சும் 'உள்ளதை உள்ளபடி' என்ற பேச்சும் வேறு வேறு.

அளவுகோல் எழுதியது:

மூவரும் சொன்னதை அளவீடுகளோடு பொருத்திப் பார்க்க முடியும் என்பதால் எழுதுகிறேன். பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். சற்று நீளமாகத்தான் எழுதுவேன்.

எம்50எக்ஸுக்கு வெளியாகியுள்ள அளவீடுகள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் தருகின்றன. அடித்தொனி பொதுவாகத் தூக்கலாக இருந்து, 150 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் சற்றுப் புடைத்து, 300 முதல் 400 ஹெர்ட்ஸில் தாழ்ந்து, பிறகு நடுப்பகுதி ஒழுங்காக வந்து, 10 கிலோஹெர்ட்ஸை நெருங்கும்போது மீண்டும் எழும்புகிறது. வடகரையானின் 'மெலிந்த குரல்' அந்தத் தாழ்வில் இருக்கிறது. தவில்பிரியன் ஐயாவின் தொப்பி அந்தப் புடைப்பில் இருக்கிறது; நாடா இரைச்சல் கடைசி எழுச்சியில் இருக்கிறது. ஆகவே இவை வெறும் மனப்பிரமை என்று யாரும் தள்ளவேண்டாம்.

அதே நேரத்தில், அடித்தொனி தூக்கலாக இருப்பதே குற்றம் என்றும் சொல்ல முடியாது. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் நடத்திய கேட்புச் சோதனைகளில், நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கரைப் போல அடித்தொனி ஓரளவு உயர்ந்த ஹெட்போனையே பெரும்பாலோர் விரும்பினார்கள். அறைச் சுவர்கள் தரும் வலுவைக் காதோடு ஒட்டிய கருவி தானே ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. எம்50எக்ஸ் அந்த விருப்பக் கோட்டிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. பலருக்கு உடனே பிடித்துப்போவதற்கு அதுவே காரணம். விலையைப் பற்றியும் ஒன்று: 2017-இல் யெருன் பிரேபார்ட் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஆராய்ந்து, அலைவரிசை நடத்தைக்கும் (எந்த அதிர்வெண்ணை எவ்வளவு ஓங்கி ஒலிக்கிறது என்பதற்கும்) விற்பனை விலைக்கும் தொடர்பே இல்லை என்று காட்டினார். விலை உயர்ந்தது என்பதால் எச்டி 600 உண்மையானது என்று வாதிட இயலாது. அது நன்றாக இருப்பதற்கு அதன் வடிவமைப்புதான் காரணம்.

இனி, ஒப்பிடும் முறையைப் பற்றி. இங்கேதான் பெரும்பாலான தீர்ப்புகள் தடம் புரள்கின்றன. எம்50எக்ஸ் ஒரு மில்லிவாட்டுக்கு 99 டெசிபெல் தருகிறது; 38 ஓம் மின்தடையில் அதற்கு ஏறத்தாழ 0.2 வோல்ட் போதும். எச்டி 600-க்கு மின்தடை 300 ஓம். ஒரு வோல்ட் கொடுத்தால்தான் 97 டெசிபெல். ஒரே போனில், வால்யூமைத் தொடாமல் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டினால் சுமார் 15 டெசிபெல் வேறுபாடு வரும். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதையே 'தெளிவாக இருக்கிறது' என்று நம் மூளை எடுத்துக்கொள்கிறது என்றால், 15 டெசிபெல்லில் எந்தத் தீர்ப்பு நிற்கும்? டவுன் ஹால் ரோட்டில் நின்றுகொண்டு கடைக்காரரின் போனில் கேட்டு எடுத்த முடிவாக இருந்தாலும், யூடியூபில் பார்த்த முடிவாக இருந்தாலும், ஒலியளவைச் சமன்செய்யாத ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை.

தவில்பிரியன் ஐயா திறந்த வகையின் விரிவைப் பற்றிச் சொன்னார். மணி ஐயர் 1968-இல் மறைந்தவர். அவருடைய பதிவுகள் பெரும்பாலும் மோனோ. மோனோ பதிவில் இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான் செல்கிறது என்பதால், திறந்ததோ மூடியதோ, குரல் தலையின் நடுவில்தான் நிற்கும். தம்புரா அறைக்குள் இருப்பதுபோலத் தோன்றியதற்கு, மின்விசிறியின் சத்தமும் அறையின் காற்றும் திறந்த கிண்ணத்தின் வழியே உள்ளே கலப்பது ஒரு காரணமாக இருக்கலாம். அது இன்பமான கலப்புதான். ஆனால் அது பதிவில் உள்ளதன்று.

உசிலை மாணவன் எழுதியது:

வணக்கம். நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பாட்டுக் கேட்பதற்கும் இணைய வகுப்புக்கும் ஒன்று வாங்க வேண்டும். என் போனில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லை. இணையத்தில் ஒரு விற்பனையாளர் எம்50எக்ஸைப் பாதி விலைக்கும் குறைவாகப் போட்டிருக்கிறார். வாங்கலாமா? எம்40எக்ஸ் என்று ஒன்றும் இருக்கிறதே, அது போதுமா? பெரியவர்கள் சொல்லுங்கள்.

குழாய்ஸ்பீக்கர் எழுதியது:

அனுப்பானடிப் பக்கம் மைக் செட் போட்டுக் காலத்தைக் கழித்தவன் நான். இந்த விவாதத்தில் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

'உள்ளது உள்ளபடி' என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். நம்மூரில் இரண்டு தலைமுறைக்கு நாகஸ்வரம் என்பது பாதி நேரம் குழாய் ஸ்பீக்கர் வழியாக வந்ததுதான். அந்தக் குழாய்க்கு அடித்தொனி கிடையாது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அது பேசவே பேசாது. தவிலின் வலப்பக்கத்து 'டக்' என்ற வெட்டு மட்டும் தெருமுனை வரை போகும், இடப்பக்கம் தொலைந்துபோகும். பிறகு பெட்டி ஸ்பீக்கர் வந்தது. திருவிழாவுக்கு வந்து கேட்கிறவர்கள் எல்லோரும், 'அண்ணே, பேஸ் ஏத்துங்க' என்றுதான் சொன்னார்கள். அப்படி ஒரு பக்கம் குழாயிலும் மறுபக்கம் பெட்டியிலும் பழகிய காதுகள் நம்முடையவை. எம்50எக்ஸ் அந்த இரண்டாவது பழக்கத்துக்குத் தோதாக இருக்கிறது. தவில்பிரியன் ஐயாவின் அளவுகோல் முன்வரிசை. அந்த முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் ஊரில் எத்தனை பேர்?

அதற்காக, அவர் சொல்லும் குறை பொய்யாகிவிடாது. எதை இயல்பு என்று வைத்துக்கொள்கிறோம் என்பதில் நம் ஊர்ப் பந்தல்களுக்கும் பங்கு உண்டு என்கிறேன்.

இன்னொன்று, இது என் தொழிலின் பாதிப்பிலிருந்து சொல்வது. எனக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் வரை கேட்கலாம்; குழந்தைகளுக்கு அது 75. மூன்று டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு திறந்த ஹெட்போனில் பாட்டுக் கேட்டால் வெளிச்சத்தத்தை வெல்வதற்கே வால்யூமை ஏற்றுவீர்கள். காதை நன்றாக மூடும் கருவியில் அந்தத் தேவை குறைகிறது. ஒலித்தரத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிற நாம் இதைக் கணக்கில் எடுக்காதது எனக்கு வியப்பாக இருக்கிறது.

வடகரையான் எழுதியது:

குழாய்ஸ்பீக்கர் அண்ணன் சொன்ன பந்தல் கணக்கு நான் எதிர்பார்க்காத கோணம். ஆனாலும் என் கேள்வி அதனால் கரைந்துவிடவில்லை. ஊருக்குப் பெட்டி ஸ்பீக்கர் பழகியிருக்கிறது என்பதால் ஒரு கருவி 'துல்லியமானது' என்ற பட்டத்துக்கு உரியதாகிவிடாது. 'பிடிக்கத்தக்கது' என்ற பட்டத்துக்கு வேண்டுமானால் உரியதாகும். பெட்டியில் தொழில்முறைக் கருவி என்று அச்சிட்டிருப்பதை வைத்து முதல் பட்டத்தைக் கொடுப்பவர்கள்தான் இங்கே அதிகம்.

அளவுகோல் ஐயா கொடுத்த விவரத்தை வைத்து, ஒவ்வோர் அதிர்வெண்ணின் அளவையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 150 ஹெர்ட்ஸை 3 டெசிபெல் இறக்கி, 350-ஐ 2 டெசிபெல் ஏற்றி, ஏற்றியதால் ஒலி உடையாமலிருக்க மொத்த அளவையும் அதற்கேற்பக் குறைத்துக் கேட்டேன். மணி ஐயரின் குரலுக்கு உடம்பு வந்துவிட்டது. மிருதங்கம் தன் இடத்துக்குப் போய்விட்டது. சரிசெய்யக்கூடிய குறைதான். ஆனால் சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்பதையும் புகழ்கிறவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

தவில்பிரியன் எழுதியது:

தொப்பி சரியாகிவிடும் என்று ஒப்புக்கொள்கிறேன். நாகஸ்வரத்தின் கூர்மையை அப்படி எளிதில் அடக்க முடியாது. 10 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும் முனை, ஹெட்போன் காதில் அமரும் விதத்தைப் பொறுத்து ஆளுக்கு ஆள் இடம் மாறும். அளவீட்டைப் பார்த்துக் குறைத்தால் ஒருவருக்குச் சரியாகவும் இன்னொருவருக்கு மந்தமாகவும் போகும். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு அடித்தொனியும் மாறும். கண்ணாடிக் காம்பு விடும் இடைவெளியில் அது கசிந்துவிடுகிறது. எனக்குக் கண்ணாடி உண்டு.

மோனோ பற்றி அளவுகோல் ஐயா சொன்னது சரி. மின்விசிறியின் காற்றோடு கலந்த தம்புராவே எனக்குப் போதும்.

அளவுகோல் எழுதியது:

மேல் முனையைப் பற்றி ஐயா சொன்னது முற்றிலும் சரி. 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே எந்த அளவீட்டையும் அப்படியே நம்பி ஈக்வலைசரில் கைவைக்கக் கூடாது. காதால் கேட்டுத்தான் மெல்ல இறக்க வேண்டும்.

உசிலைத் தம்பிக்கு: பாதி விலைக்கும் கீழே வரும் எம்50எக்ஸை வாங்காதே. இந்த மாடலுக்குப் போலிகள் உண்டு. வெளித்தோற்றத்தில் அசலைப் போலவே இருக்கும். அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் ரசீதோடு வாங்கு. எம்40எக்ஸில் 40 மில்லிமீட்டர் டிரைவர் (ஒலியை எழுப்பும் பகுதி), 35 ஓம் மின்தடை, கேபிள் இல்லாமல் 240 கிராம் எடை. எம்50எக்ஸில் 45 மில்லிமீட்டர், 285 கிராம். டிரைவர் பெரியது என்பதால் ஒலி உயர்ந்தது என்று பொருளில்லை. குரல் தெளிவாக வேண்டும், வகுப்பும் கேட்க வேண்டும் என்றால் எம்40எக்ஸ் உனக்கு ஏற்றது; மிச்சப் பணத்தில் யுஎஸ்பி-சி அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள். இவ்வளவு குறைந்த மின்தடைக்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை. ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் வேவ்லெட் போன்ற செயலியில் இந்த மாடல்களுக்குத் தயாராகவே திருத்தங்கள் இருக்கின்றன. போட்டுக் கேட்டுப்பார், பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிடு.

மேலமாசி எடிட்டர் எழுதியது:

தம்பி எதை வாங்கினாலும் இரண்டு விஷயங்களைக் கவனித்துக்கொள்ளட்டும். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு மாட்டாதே. எந்த நிறுவனத்தின் செயற்கைத் தோலாக இருந்தாலும் எண்ணெயும் வேர்வையும் சேர்ந்தால் செதில் செதிலாக உரியும். உரிந்த மெத்தையோடு கேட்டால் ஒலியும் மாறிவிடும். மாற்று மெத்தைகள் தனியே கிடைக்கின்றன, ஆனால் தடிமனான வேறு வகையைப் போட்டால் அளவுகோல் ஐயா சொன்ன அளவீடு எதுவும் பொருந்தாது.

கேபிளை வெளியில் வாங்கும்போது ஹெட்போனைக் கையோடு கொண்டு போ. இரண்டு மாடல்களிலும் கிண்ணத்தில் செருகும் முனை 2.5 மில்லிமீட்டர், திருகிப் பூட்டும் வகை. கடையில் கிடைக்கும் சாதாரண 2.5 கேபிளின் பிடி தடிமனாக இருந்தால் அந்தக் குழிக்குள் முழுவதும் இறங்காது.